சத்தம் போடும் ஆறு

கால்சிக்கு அருகே, டேராடூனிலிருந்து 50 கிலோமீட்டர் போல வரும் இடத்தில், யமுனையுடன் டோன்ஸ் என்ற ஆறு சேர்கிறது. சேரும் இடத்தில் டோன்ஸ் கொண்டு வரும் தண்ணீர் யமுனையின் தண்ணீரைவிட அதிகம். ஆனாலும் அங்கிருந்து கீழே அலகாபாத் வரை பெயர் யமுனைக்குத்தான். யமுனைக்கு யமுனோத்ரியில் கோயில் உண்டு, யாத்திரை உண்டு, தேவியாக ஒரு வடிவமும் உண்டு. ரூபின், சூபின் என்ற இரண்டு மலையாறுகள் நைட்வாரில் கூடிப் பிறக்கும் டோன்ஸுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

சங்கமத்துக்குப் பக்கத்திலேயே அசோகரின் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. தன் எல்லைக்கு வெளியே தெற்கே இருந்த சோழரையும் பாண்டியரையும் அந்தக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஏறத்தாழ 2,250 ஆண்டுகளுக்கு முன்பே அந்த நீர்க்கரையில் நம் பெயரை வெட்டி வைத்துவிட்டார்கள். அந்த நீரின் பெயரைத் தில்லியில் இருக்கும் தமிழர்களில் எத்தனை பேரிடம் கேட்டால் சொல்வார்கள்?

நான் குடியிருக்கும் மந்திர் மார்க்கில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வைஸ்ராயின் பெயரால் ரீடிங் ரோடு என்று இருந்த சாலை இது. 1939இல் காந்தி திறந்து வைத்த பிர்லா மந்திர், அதற்கு அருகில் வங்காளிகளின் காளிபாடி, 1946-47இல் காந்தி மாதக்கணக்கில் தங்கியிருந்த வால்மீகி கோயில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, இவை எல்லாவற்றுக்கும் முதுகுப்புறமாக ரிட்ஜ் காடு. இங்கே தண்ணீரைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான். எத்தனை மணிக்கு வருகிறது, பிரஷர் இருக்கிறதா, மோட்டார் போட்டாயிற்றா, தொட்டி நிறைந்ததா. எங்கிருந்து வருகிறது என்பது அந்தப் பேச்சில் கிடையாது. கேட்டால் ஜல் போர்டிலிருந்து என்று பதில் வரும். அதுவும் சரியான பதில்தான்.

அதற்கும் மேலே போய்ப் பார்த்தால் ஹத்னிகுண்ட் தடுப்பணை. அங்கே யமுனையின் தண்ணீர் மேற்கு யமுனைக் கால்வாய்க்குத் திரும்புகிறது. முனாக்கிலிருந்து 102 கிலோமீட்டர் சிமெண்ட் வாய்க்காலில் ஓடி ஹைதர்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. இன்னொரு பங்கு வசீராபாத்தில் தேங்குகிறது. அங்கே நீர்மட்டம் 674.5 அடியிலிருந்து இறங்கினால் மறுநாள் தில்லிச் செய்தித்தாள்களில் அது தலைப்பு. இதோடு கங்கையின் தண்ணீரும் பியாஸ், சட்லெஜ் தண்ணீரும் நிலத்தடி நீரும் கலந்துதான் குழாய்க்கு வருகின்றன. ஒரு தம்ளரில் டோன்ஸ் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

டோன்ஸ் பள்ளத்தாக்கில் இந்தத் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. குருக்ஷேத்திரத்தில் துரியோதனன் விழுந்தபோது இந்த மலைக்காரர்கள் அழுத அழுகையே ஆறாக ஓடுகிறது என்பார்கள். கண்ணீர் என்பதால் அதைக் குடிப்பதில்லை என்றும் சொல்வார்கள். நைட்வார் பக்கம் கர்ணனுக்குக் கோயில் இருக்கிறது. துரியோதனனுக்குரியவை என்று வெளியூர்க்காரர்கள் எழுதி வைத்த கோயில்களைப் பற்றிக் கேட்டால், எங்கள் சாமி சோமேஸ்வரர் என்று இன்று ஊர்க்காரர்கள் திருத்துகிறார்கள். நம் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளத்தன்று துரியோதனனை மண்ணில் மல்லாக்கப் படுக்க வைத்து, தொடையில் அடித்து, அம்மனுக்குக் கூந்தல் முடிகிறோம். அவன் சாவைக் கொண்டாடும் நாட்டிலிருந்து, அவனுக்காக அழுத நாட்டின் நீரைக் குடிக்க வந்திருக்கிறோம். அழுதவர்கள் தொடாத தண்ணீரை இரண்டு கோடிப் பேர் வாழும் நகரம் குடிக்கிறது.

*

டோன்ஸை நான் அறிந்தது ஒரு ரப்பர் மிதவையில் உட்கார்ந்து. மோரி என்ற ஊருக்குக் கீழே, தேவதாருவும் பைன் மரங்களும் இறங்கி வரும் சரிவுகளுக்கு நடுவே, ஆறு பாறை மேல் பாறையாக விழுந்து போகிறது. ராஃப்டிங்காரர்கள் ஆற்றின் வேகப்பகுதிகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று குழந்தைகளுக்கு. ஆறு என்றால் பெரும்பாலும் உயிரைப் பணயம் வைப்பது. டோன்ஸின் பல இடங்கள் மூன்று, நான்கு. ரிஷிகேஷில் கங்கையில் வார இறுதிக்குப் போய் வருகிறவர்கள் அங்கே கற்றது இங்கே போதாது. கங்கை அகலமானது, ஒரு வேகம் முடிந்தால் மூச்சு வாங்க ஒரு தேக்கம் தரும். டோன்ஸ் குறுகலானது, ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் முடிகிறது.

முதல் பெரிய வேகத்துக்கு முன்னால் மிதவையைக் கரையில் கட்டிவிட்டு எல்லோரையும் பாறை மேல் ஏற்றினார் வழிகாட்டி. புரோலா பக்கத்துக் கட்வாலி இளைஞர். கீழே வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அங்கிள்ஜி, நுரையப் பாக்காதீங்க. நுரை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கறுப்புத் தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க."

பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே வழவழவென்று கறுத்த நீர், ஆங்கில 'வி' எழுத்து போலக் குவிந்து இறங்கியது. கூர்முனை நாம் போகும் திசையைக் காட்டினால் அது வழி. கூர்முனை நம்மைப் பார்த்து நின்றால் அங்கே நீருக்கடியில் பாறை இருக்கிறது, தண்ணீர் அதில் மோதி இருபுறமும் பிளக்கிறது. வழிக்குக் கீழே நீர் தன்மேலேயே திரும்பிப் புரளும் ஒரு குழி. அதில் குறுக்காகச் சிக்கினால் மிதவையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நேராக, வேகமாக வெட்டிப் போனால் விட்டுவிடும். அவர் ஒரு பைன் கட்டையை எடுத்து வீசினார். கறுப்பு நீரில் போன கட்டை குழியில் இறங்கிக் காணாமல் போய், நாங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு வெகு கீழே எழுந்து வந்தது.

"இப்ப உங்களுக்கே தெரியும், எங்க துடுப்ப நிறுத்தக்கூடாதுன்னு."

அதுதான் எங்களுக்கு வராதது. பயம் வந்ததும் கை முதலில் துடுப்பை விட்டு மிதவையின் கயிற்றைத் தேடுகிறது. நீருக்குள் ஊன்றிய துடுப்புதான் மிதவையை நிறுத்தும் கால். அதை எடுத்துக்கொண்டால் மிதவை ஆற்றின் சொத்து. எங்களில் குருகிராமிலிருந்து வந்த ஒரு பையன் கயிற்றைப் பிடித்தான், மறு நொடி தண்ணீரில் இருந்தான். கற்றுக்கொடுத்தபடி மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசை நீட்டி, பாறைகளைக் காலால் வாங்கியபடி போனான். கீழே காத்திருந்தவர் வீசிய கயிற்றுப் பை அவன் மார்பில் விழுந்தது. கரையில் ஏறியதும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. பனியாற்றுத் தண்ணீரின் குளிர் தாடையைக் கட்டிவிட்டது. அன்று மாலை நெருப்புக்கு முன்னால் அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்: அந்த ஆறு எச்சரித்துக்கொண்டேதான் இருந்தது, கேட்காதது நான்.

இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, இயற்பியல்தான். பக்க ஓடைகள் மழைக்காலத்தில் உருட்டிக் கொண்டு வந்து போட்ட கற்கள் ஆற்றின் வழியை நெருக்குகின்றன. நெருக்கத்தில் நீர் வேகமெடுக்கிறது. வேகம் பாறையில் உடைந்து சத்தமாகிறது. அரைக் கிலோமீட்டருக்கு முன்பே காதில் விழும் அந்தச் சத்தம்தான் ஆற்றின் முதல் அறிவிப்பு. கோடையில் மதிய வெயிலில் உருகிய பனி சில மணி நேரம் கழித்து வந்து சேருவதால் மாலையில் மட்டம் ஏறும். காலையில் மூன்றாம் தரமாக இருந்த இடம் மாலையில் நான்காகும். கரைக்காரர்களுக்கு அந்த நேரக்கணக்கு அத்துப்படி. பாறையில் உடைந்து உடைந்து போகும் நீர் காற்றை வாரிக்கொள்கிறது. அதனால்தான் அதில் மீன் இருக்கிறது, அதனால்தான் அது நாற்றமெடுப்பதில்லை. மிதவைக்காரனை மிரட்டும் குணமும் தண்ணீரைத் தண்ணீராக வைத்திருக்கும் குணமும் ஒன்றே.

ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு இது புதிதாக இராது. முன்னும் பின்னும் இல்லாத வட்டப் பரிசலை ஒற்றைத் துடுப்பால் சுழிக்குள் விட்டு வெளியே எடுக்கிறவர்கள் அவர்கள். எந்தப் பாறை எந்த மட்டத்தில் மூழ்கும், எங்கே மடு, எங்கே கசம் என்பது அவர்களுக்கு உள்ளங்கை ரேகை. ஆனால் இன்று பரிசல் இறங்குமா இறங்காதா என்பதை அவர்கள் கண் தீர்மானிப்பதில்லை. பிலிகுண்டுலுவில் இத்தனை கன அடி என்று வரும் எண்ணும், அதன் மேல் மாவட்ட நிர்வாகம் போடும் தடையும் தீர்மானிக்கின்றன. மேலே கர்நாடகத்தில் மதகு திறந்தது யாருக்கும் காதால் கேட்காது. எண் மட்டுமே வந்து சேரும். அந்த எண் வந்து சேருகிறது என்பதுதான் அங்கே உயிரைக் காக்கிறது.

*

காட்டாற்றில் படகு விடுவதை வீர விளையாட்டாகச் சொல்லிச் சொல்லி அதிலுள்ள அறிவை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். 1869 மே மாதம் ஜான் வெஸ்லி பவல், போரில் ஒரு கையை இழந்தவர், ஒன்பது பேரையும் நான்கு மரப்படகுகளையும் கொண்டு கொலராடோ ஆற்றில் இறங்கினார். மூன்று மாதம் கழித்து கிராண்ட் கேன்யனுக்கு வெளியே வந்தவர்கள் ஆறு பேர். ஒருவர் தொடக்கத்திலேயே விலகிவிட்டார். கடைசி வாரத்தில் ஒரு வேகத்தைக் கண்டு அஞ்சிய மூவர், இதற்கு மேல் முடியாது என்று ஆற்றை விட்டு மலையேறிப் போனார்கள். அவர்கள் கரையில் கொல்லப்பட்டார்கள். ஆற்றில் ஒருவரும் சாகவில்லை.

1977இல் எட்மண்ட் ஹிலாரி கங்கை கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜெட் படகுகளில் எதிர்நீச்சல் போட்டு இமயத்துக்குப் போகக் கிளம்பினார். வங்காளத்திலிருந்து காசி, ஹரித்வார் என்று கரையெல்லாம் மக்கள் திரண்டார்கள். நந்தபிரயாகை அருகே அலக்நந்தாவில் ஒரு சிறிய அருவியைப் படகால் தாண்ட முடியவில்லை. எவரெஸ்ட்டில் முதலில் ஏறிய இருவரில் ஒருவரை அந்த அருவி நிறுத்திவிட்டது. அவர் படகை விட்டுவிட்டு நடந்தார். முடியாத இடத்தில் இறங்கி நடப்பது இந்தத் தொழிலில் தோல்வி என்று எழுதப்படுவதில்லை. மிதவையைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரம் சுற்றிப் போவது எல்லா வழிகாட்டிகளும் செய்வது.

பவலுக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் வியந்து பெயரிட்ட கிளென் கேன்யனில் அணை கட்டி 1963இல் மதகை மூடினார்கள். அந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடித்த நீர்த்தேக்கத்துக்குப் பவல் ஏரி என்றே பெயர். ஆற்றை அறிந்தவனின் பெயரை, அறிய முடியாதபடி செய்த நீருக்கு வைத்தார்கள்.

டோன்ஸிலும் இது தொடங்கி வெகு காலமாயிற்று. இச்சாரியில் ஓர் அணை ஆற்றை மறித்து மலைக்குள் குடைந்த சுரங்கத்துக்கு அனுப்புகிறது. சிப்ரோவில் பூமிக்கடியில் 240 மெகாவாட், அங்கிருந்து இன்னொரு சுரங்கம் வழியாகக் கோத்ரியில் 120 மெகாவாட் என்று மின்சாரம் எடுத்த பிறகு தண்ணீர் யமுனையில் விடப்படுகிறது. வறண்ட மாதங்களில் சங்கமத்துக்கு வரவேண்டிய டோன்ஸின் பெரும்பகுதி வெளிச்சம் பார்க்காமலே யமுனையைச் சேர்கிறது. மேலே நைட்வாருக்கும் மோரிக்கும் இடையே 60 மெகாவாட் திட்டம் 2023இல் ஓடத் தொடங்கியது. நடுவே கிஷாவ். இமாசலமும் உத்தராகண்டும் ஆற்றின் இரு கரைகளாக நிற்கும் இடத்தில் 236 மீட்டர் உயர அணை, 660 மெகாவாட். 2008இல் தேசியத் திட்டமாக அறிவித்தார்கள். கட்டினால் தில்லிக்கும் அதில் தண்ணீர்ப் பங்கு உண்டு. மந்திர் மார்க் குழாய்க்கும்தான்.

*

அணைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அது ஆற்றை அடக்கி ஆபத்தைக் குறைக்கும் என்பது. ஆபத்து குறைகிறதா, இடம் மாறுகிறதா என்பதை நடந்தவற்றை வைத்துப் பார்க்கலாம்.

2014 ஜூன் 8 அன்று மாலை, ஹைதராபாத்தின் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்கள் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு அங்கே சாதுவாக இருந்தது. மேலே லார்ஜி மின்நிலைய அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. சில நிமிடங்களில் 24 மாணவர்களும் அவர்களுடன் வந்தவர் ஒருவரும் போனார்கள். அவர்களில் யாரும் வீர விளையாட்டுக்கு வந்தவர்கள் இல்லை. லைஃப் ஜாக்கெட் இல்லை, ஹெல்மெட் இல்லை, கீழே கயிற்றுப் பையுடன் காத்திருப்பவர் இல்லை. காட்டாறாக இருந்திருந்தால் அந்த வெள்ளத்துக்கு முன்னால் கலங்கல் வந்திருக்கும், சத்தம் ஏறியிருக்கும், வானத்தில் மேகமாவது இருந்திருக்கும். மதகிலிருந்து வரும் வெள்ளத்துக்கு முன்னறிவிப்பு மனிதன் ஊத வேண்டிய சங்கு ஒன்றுதான்.

தில்லிக்கும் இந்தப் பாடம் வந்தது. 2023 ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முந்தைய உச்சம் 1978இல் 207.49 மீட்டர். ஹத்னிகுண்டிலிருந்து வந்தது ஏறத்தாழ 3.6 லட்சம் கன அடி. 2019இல் அங்கிருந்து 8 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோதுகூட ஆறு இந்த உயரத்துக்கு ஏறவில்லை. வெள்ளத்துக்கென்று ஆறு வைத்திருந்த சமவெளியில் நாம் மண் கொட்டி, பாலம் போட்டு, கட்டடம் கட்டிவிட்டோம். ஐ.டி.ஓ. தடுப்பணையில் சில மதகுகள் திறக்க முடியாமல் இறுகிக் கிடந்தன. வெள்ளம் வசீராபாத், சந்திராவல், ஓக்லா சுத்திகரிப்பு நிலையங்களுக்குள் புகுந்ததால் அவற்றை மூட வேண்டிவந்தது. ஊரெல்லாம் தண்ணீர், குழாயில் தண்ணீர் இல்லை. ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்கள் நெடுஞ்சாலை ஓரக் கூடாரங்களில் நாள்களைக் கழித்தார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வசீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடையில் யமுனை தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியது. மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்தான் இந்த 22 கிலோமீட்டர். யமுனையின் கழிவுச் சுமையில் முக்கால் பங்குக்கு மேல் இங்கே சேருகிறது. வறண்ட மாதங்களில் இதில் ஓடுவது பெரும்பாலும் நாம் திருப்பி அனுப்பியது. இந்த நீரில் எந்த மிதவையும் கவிழாது. தரப்பட்டியலில் இதற்கு எண்ணே கிடையாது. ஆனால் டோன்ஸின் நான்காம் தர வேகத்தில் விழுந்து எழுந்தவன் நெருப்பில் உடம்பைக் காய வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டான். ஓக்லாவில் விழுந்தவனை நேரே மருத்துவரிடம்தான் கொண்டு போக வேண்டும்.

ஆபத்தை ஆற்றிலிருந்து யாரும் எடுத்து வெளியே வீசிவிட முடியவில்லை. தெரிந்தே இறங்குகிறவனிடமிருந்து எடுத்து, தெரியாமல் கரையில் நிற்கிறவனிடம் கொடுத்திருக்கிறோம். சத்தம் போட்டுக்கொண்டிருந்ததைச் சத்தமில்லாமல் ஆக்கியிருக்கிறோம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அணை வேண்டாம் என்று மந்திர் மார்க்கில் உட்கார்ந்து எழுதுவது எனக்கு அழகல்ல. நாலு நாள் மிதவையில் போய்வருகிறவனின் பரவசத்துக்காக ஒரு நகரம் தாகத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. மலைக்காரர்களுக்கு வேலை வேண்டும், மின்சாரம் வேண்டும். அவர்களில் சிலருடைய வயலும் வீடும் கோயிலும் நீருக்கடியில் போகும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அதில் முதல் பேச்சு அவர்களுடையது, சுற்றுலாக்காரனுடையது அல்ல.

ஆனால் தில்லிக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2024 கோடையில் வசீராபாத் வற்றியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. இமாசலம் இவ்வளவு தர வேண்டும், ஹரியாணா அதைத் தடுக்கக்கூடாது என்று வாதம் நடந்தது. அங்கேயே இன்னொன்றும் பேசப்பட்டது. தில்லி சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதி கசிந்தும் திருடப்பட்டும் கணக்கில் வராமல் போகிறது. கிஷாவில் ஒரு பள்ளத்தாக்கை நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீரும் இதே குழாய்களில்தான் ஓடப்போகிறது. ஓட்டைப் பானைக்கு இன்னொரு கிணறு தோண்டுகிற வேலை அது.

டோன்ஸ் கரையில் அந்த இளைஞர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை எளிமையானது. இறங்குவதற்கு முன் கரையேறிப் பார், நுரையை விட்டுவிட்டு நீர் எங்கே போகிறது என்று பார், ஒரு கட்டையை விட்டுச் சோதி, பிறகு முடிவு செய். தில்லி இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறது. நம் நீர் எங்கே போகிறது என்று பார்க்காமலே 236 மீட்டருக்குத் தயாராகிறோம். குழாய்க் கசிவை அடைக்கும் செலவு எவ்வளவு, அடைத்தால் எவ்வளவு தண்ணீர் மீளும், அதற்குப் பிறகும் எவ்வளவு போதாது என்ற மூன்று எண்களை இந்த ஊர் முதலில் மேசையில் வைக்கட்டும். மதகு திறக்கும் ஒவ்வொரு அணையும் கீழே உள்ள கடைசி ஊர் வரை தன் எண்ணைச் சொல்லட்டும். அதற்குப் பிறகு டோன்ஸ் கரையில் இருக்கும் நைட்வாருக்கும் தியூனிக்கும் போய், உங்கள் ஆறு எங்களுக்கு வேண்டும் என்று கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. கேட்கிற தகுதியாவது அப்போது நமக்கு இருக்கும்.